எட்டு ஏழு எட்டு ஏழு

என் அக்காவின் கல்யாணத்தை நான் கணக்குப் போட்டுக் கெடுக்கப் பார்த்தேன். கணக்கு என்றதும் நகை, சீர்வரிசை என்று யாரும் போய்விட வேண்டாம். இது சுத்தமான கணிதம், பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் வருவது. எண்பதுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன சர்ச்சில் அக்கா தலையில் நெட் முக்காட்டோடு நின்றாள், பக்கத்தில் மாப்பிள்ளை கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றார். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கணிதம் என் முகத்தில் கரியைப் பூசியது.

அந்தச் சர்ச்சின் ஆர்மோனியக்காரன் நான். காலால் மிதித்து வாசிக்கிற பெரிய ஆர்மோனியம் அது. துருத்தியில் எலி ஓட்டை போட்டுவிட்டதால் சைக்கிள் டியூப் வைத்து ஒட்டியிருந்தார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பத்தொன்பது வயதில் அதைச் சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை. அப்புறம் எப்படி அங்கே போய் உட்கார்ந்தேன் என்றால், அதுவரை வாசித்துக்கொண்டிருந்த அண்ணாவுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்து யார் என்று சபைக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது செயலாளர், "தம்பி டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருக்கான் இல்ல? விரல் தானா போகும்" என்றார். இந்தத் தர்க்கத்தை யாரும் மறுக்கவில்லை. மஸ்கட் அண்ணா விமானம் ஏறுவதற்கு முன் இரண்டே வாரத்தில் எனக்கு ஒன்பது ராகம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பாட்டுப் புத்தகத்திலோ நானூறுக்கு மேல் பாட்டு. கையில் ஒன்பது ராகம். வேறு யாராவது என்றால் பயந்து ஓடியிருப்பார்கள், இல்லை உட்கார்ந்து கற்றுக்கொண்டிருப்பார்கள். நான் கணித மாணவன். இரண்டும் செய்யாமல் தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் பொடி எழுத்தில் சில எண்கள் அச்சடித்திருப்பார்கள். எட்டு, ஏழு, எட்டு, ஏழு என்று இருந்தால் முதல் அடியில் எட்டு அசை, இரண்டாவதில் ஏழு, மூன்றாவதில் எட்டு, நாலாவதில் ஏழு. அசை என்பதற்கு இலக்கணத்தில் வேறு கணக்கு உண்டு என்று தமிழ் ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இரண்டு பாட்டுக்கு ஒரே எண்கள் இருந்தால், ஒன்றின் ராகத்தில் மற்றதைப் பாடலாம். ஒரு சொல் மிஞ்சாது, ஒரு சுரம் பட்டினி கிடக்காது.

ஒரு லாங் சைஸ் நோட்டில் அட்டவணை போட்டேன். இடது பக்கம் பாட்டு எண்கள், வலது பக்கம் என் ஒன்பது ராகங்கள், நடுவில் அம்புக்குறிகள். கணிதத்தில் இதைச் சார்பு என்பார்கள். பலவற்றிலிருந்து ஒன்றுக்குப் போகிற சார்பு. எட்டு ஏழு எட்டு ஏழு அளவில் மட்டும் நாற்பது பாட்டுக்கு மேல் இருந்தன. அந்த நாற்பதையும் மூன்றாம் நம்பர் ராகத்தின் தலையில் கட்டினேன். அறுப்புப் பண்டிகை, திடப்படுத்தல், காணிக்கை எடுப்பது, புது மின்விசிறிப் பிரதிஷ்டை, எல்லாவற்றுக்கும் மூன்றாம் நம்பர். சபையாருக்கு அது அத்துப்படியாகிவிட்டது. நன்றாகப் பாடுகிறார்கள் என்று போதகருக்கும் மகிழ்ச்சி.

ஒன்பது ராகத்துக்குள் அடங்காத பாட்டுகளை என்ன செய்தேன் என்றால், தடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் போதகர் பட்டியல் கொடுப்பார். அளவு ஒத்துவராத பாட்டு அதில் இருந்தால், "ஐயா, இது சபைக்குப் பழக்கமில்லையே" என்பேன். அவர் அடித்துவிட்டு வேறு எழுதுவார். பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய பாட்டுகள் பெரும்பாலும் ஏடாகூடமான அளவில் இருந்தன. ஆகவே இரண்டு வருஷம் எங்கள் சர்ச்சில் பரிசுத்த ஆவியானவரை அநேகமாக யாரும் கூப்பிடவேயில்லை. அந்தக் காலத்தில் இரண்டு குடும்பங்கள் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்ச் சேர்ந்தன. நான்தான் காரணம் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

போதகரோடு எனக்கு நல்ல பழக்கம். என் அவிசுவாசம் அவருக்குத் தெரியும். ஒருநாள் அவரிடம், மூன்று எப்படி ஒன்றாகும் என்பதை நான் நிரூபித்துவிட்டேன் என்றேன். இரண்டால் வகுத்தால் மூன்றுக்கும் மீதி ஒன்று, ஒன்றுக்கும் மீதி ஒன்று. அந்தக் கணக்கில் மூன்றும் ஒன்றும் சமம், திரித்துவம் முடிந்தது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அஞ்சுக்கும் மீதி ஒண்ணுதானே தம்பி? ஏழுக்கும் அதான். நீங்க விட்டா சர்ச்சே நிறைஞ்சிடும் போலிருக்கே" என்றார். அவர் கணிதம் படித்தவர் இல்லை என்பதுதான் எரிச்சல்.

இன்னொரு எதிராளி கல்லூரியில் இருந்தான். அனகாபுத்தூர்க்காரன், வீட்டில் தறி. அவன் வாங்கிய மதிப்பெண்ணுக்குத் தத்துவம்தான் கிடைத்தது என்பதால் தத்துவம் படித்துக்கொண்டிருந்தான். ஆனால் அந்தப் பாடம் அவனுக்காகவே காத்திருந்தது போல ஒட்டிக்கொண்டது. ரயிலடி டீக்கடையில் என் அட்டவணையை அவனிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். ராகத்துக்கு அர்த்தமே கிடையாது, அது வெறும் அளவு, எந்தச் சொல்லை ஊற்றினாலும் வாங்கிக்கொள்ளும், அர்த்தமெல்லாம் சொல்லில் இருக்கிறது என்றேன்.

அவன் கையிலிருந்த டம்ளரைத் தூக்கிக் காட்டினான். "இன்னா மச்சான் சொல்ற, உன் ராகம் காலி டம்ளரு, அதான?"

"அதேதான்."

"தெனிக்கும் இதுல டீ குட்ச்சிகினு கீறவன், டம்ளரப் பாத்தாலே டீ நெனப்பு வராது?"

"கழுவிட்டா வராது."

"நீ கழுவுவ மச்சான். அவன் கழுவுவானா?"

உனக்கெல்லாம் கணிதம் ஏறாது என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுத்தேன்.

இந்த நிலையில்தான் அக்காவின் கல்யாணம் வந்தது. அக்காவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. இருபத்தொன்பது முடிந்துவிட்டது. இரண்டு இடம் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போய்ப் பதிலே சொல்லவில்லை. பிறகு அவளாகவே ஒருவரைப் பார்த்துக்கொண்டாள். பல்லாவரம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் மேற்பார்வையாளர், பேருந்தில் தினமும் பார்த்துப் பழக்கம். ஆள் தங்கம். அவருடைய அம்மாதான் மலை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். அங்கே சர்ச்சில் நாலு குரலில் பாடுவது சோறு தின்கிற மாதிரி சாதாரணம். கணவர் அந்தப் பாடகர் குழுவில் கனத்த குரல் பாடியவர், இறந்து இரண்டு வருஷம். பேருந்தில் பிடித்த மெட்ராஸ் பெண்ணை மருமகளாக்க அந்த அம்மாவுக்கு மனசே இல்லை. மகன் ஒரே பிடியாக நின்றதால் பெண் பார்க்க வந்திருந்தார். அக்கா முறைக்கு நானும் அத்தை என்று கூப்பிட்டேன்.

அத்தை அதிகம் பேசவில்லை. எங்கள் வீட்டுக் காபியில் பாதியை வைத்துவிட்டார். கிளம்பும்போது அம்மாவிடம், "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் மைனி. தாலி கட்டுததுக்கு முன்னால பாடுத பாட்டு மட்டும் நாங்க சொல்லுத பாட்டா இருக்கணும். அதுல குறை வந்தா எனக்குத் தாங்காது. அம்புட்டுதான்" என்றார். பாட்டின் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதைப் பரீட்சை ஹால் டிக்கெட் போல வாங்கிக்கொண்டாள்.

அன்று ராத்திரியே நோட்டைப் புரட்டினேன். எட்டு ஏழு எட்டு ஏழு. மூன்றாம் நம்பர். வேலை முடிந்தது என்று நோட்டை மூடினேன்.

அக்காவுக்கு என் அட்டவணை ரகசியம் தெரியும். "டேய், உன் கணக்கெல்லாம் என் கல்யாணத்துல வேணாம். அந்தப் பாட்டுக்குன்னு ஒரு ராகம் இருக்கும்ல, அதைக் கத்துக்கோ. பல்லாவரத்துல ஒரு பியானோ டீச்சர் இருக்காங்க, மூணு மாசம் டைம் இருக்கு" என்றாள். அவள் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அன்று குரல் இறங்கியிருந்தது. "அவங்கம்மா என்னை ஏத்துக்கணும்டா. அவங்க கேட்டது இது ஒண்ணுதான்" என்றாள்.

சரி என்றேன். பல்லாவரம் போகவில்லை. முதலில் செமஸ்டர், பிறகு கிரிக்கெட், அதற்குப் பிறகு சும்மாவே போகவில்லை. ஒரு மாதம் கழித்துக் கேட்டாள். கற்றுக்கொண்டாயிற்று என்று பச்சைப் பொய் சொன்னேன். என் மனசில் அது பொய்கூட இல்லை. ராகத்துக்கும் அர்த்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபித்தவனுக்கு எந்த ராகமாக இருந்தால் என்ன?

கல்யாணத்தன்று சர்ச் நிறைந்திருந்தது. திருநெல்வேலியிலிருந்து ஒரு பேருந்தே வந்திருந்தது. ஆர்மோனியம் பலிபீடத்துக்குக் கீழே வலது ஓரம். முதல் வரிசையில் அத்தை உட்கார்ந்திருந்த இடத்துக்கும் எனக்கும் நடுவில் மூன்றடிகூட இல்லை. போதகர் பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லாரும் எழுந்தார்கள். நான் மூன்றாம் நம்பரை ஆரம்பித்தேன்.

எங்கள் சபையார் பழக்கதோஷத்தில் கணீரென்று எடுத்தார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. நாலு குரலில் பாடுகிறவர்கள் என்றார்களே, இதென்ன என்று திரும்பிப் பார்த்தேன். அத்தை உட்கார்ந்துவிட்டிருந்தார். முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். தோள் குலுங்கியது. பாட்டு பின் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் நானும் ஆர்மோனியமும் மட்டும் மிஞ்சினோம். காலை எடுத்தேன். துருத்தி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

அத்தையின் தம்பி என்னிடம் வந்தார். சத்தம் போடாமல் குனிந்து காதருகே பேசினார், அது சத்தம் போட்டதைவிட மோசமாக இருந்தது. "ஏடே, என்ன ராகம்டே வாசிக்க? குழியில மண்ணு தள்ளும்போது பாடுத ராகம்லா இது. எங்க அத்தானை அடக்கம் பண்ணும்போது இதத்தானடே பாடினோம்."

எங்கள் சபையில் கல்லறைக்கு ஆர்மோனியம் வராது. அங்கே வாயாலேயே கீர்த்தனை பாடிப் புதைத்துவிட்டு வந்துவிடுவோம். மூன்றாம் நம்பர் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று மஸ்கட் அண்ணா சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. என் அட்டவணையில் நாற்பது பாட்டும் ஒரு ராகத்துக்குள் போய் விழுந்துவிடும், ராகத்தைக் கேட்டு எந்தப் பாட்டு என்று யாராலும் திரும்பி வர முடியாது. அப்படித்தான் எனக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். அத்தைக்கு அந்த ராகத்திலிருந்து திரும்பிப் போக ஒரே ஒரு பாட்டுதான் இருந்தது.

பின்னால் குசுகுசு ஆரம்பித்தது. சகுனம் பார்ப்பது பாவம் என்று ஞாயிறு தவறாமல் கேட்டு வளர்ந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சகுனம் பேசினார்கள். சாவுப் பாட்டோடு தொடங்குகிற கல்யாணம் உருப்படுமா என்று ஒருத்தி. பாதியில் நின்றுபோன பாட்டு அதைவிடக் கெட்டது என்று இன்னொருத்தி. இந்தப் பொண்ணு வேண்டாம்னு அப்பவே மாமியார் மனசுல பட்டிருக்கு என்று மூன்றாவது ஒருத்தி, எங்கள் அம்மாவுக்குக் கேட்கும்படியாகவே. போதகர் இறங்கி வந்து, "வேற ராகத்துல வாசிங்க தம்பி" என்று மெதுவாகச் சொன்னார்.

வேறு ராகம். அந்த அளவில் இரண்டாவதாக ஒன்று என்னிடம் இருந்தால்தானே.

அக்கா நெட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எல்லாவற்றையும் புரிந்துகொண்ட மாதிரி பார்த்தாள். பல்லாவரம் போகாதது, பொய் சொன்னது, எல்லாம். மாப்பிள்ளை நகர்ந்து வந்து, "அம்மா, பாட்டு வேண்டாம்மா. அப்படியே ஜெபத்துக்குப் போயிடலாம்" என்றார். அத்தை முகத்திலிருந்து துணியை எடுக்கவேயில்லை. அவர் எழுந்து பேருந்துக்குப் போய்விட்டால் அந்த மொத்தப் பேருந்தும் பின்னால் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவை அழவிட்டுவிட்டு மாப்பிள்ளை தாலி கட்டமாட்டார். எனக்கு ஆர்மோனியத்துக்குள் புகுந்து எலியோடு இருந்துவிடலாம் போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எய்யா, இதுக்கு வேற ராகம் தெரியாதா ஒனக்கு?"

"தெரியாது அத்தை. இந்த அளவுக்கு இது ஒண்ணுதான் தெரியும்." கூட்டத்துக்கே கேட்டது. "அக்கா கத்துக்கச் சொன்னா. நான்தான் போகல. அவ மேல தப்பில்ல அத்தை."

"ஒண்ணே ஒண்ணா?"

"ஆமா."

அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "அப்ப முதல்ல இருந்து வாசி. பாதியில நிறுத்தாத" என்றார். அவருடைய தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா இருடே" என்றார்.

வாசித்தேன். சபையார் பயந்து பயந்து தொடங்கினார்கள், இரண்டாவது அடியில் குரல் தேறியது. அத்தை புத்தகத்தைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினார். வார்த்தையைத் தப்பாகப் பாடுகிறாரே என்று முதலில் நினைத்தேன். கூட்டத்தின் சத்தத்துக்கு நடுவில் அவர் குரலை மட்டும் பிரித்துக் கேட்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அப்புறம்தான் புரிந்தது, அவர் கல்யாணப் பாட்டைப் பாடவேயில்லை. அடக்கத்துக்குப் பாடின பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

எல்லாரும், இந்த வீட்டுக்கு வந்து தங்கும் ஆண்டவரே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றடி தள்ளி ஒருத்தி, தூங்கு, விடியும்போது பார்ப்போம் என்று ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கின, ஒரே இடத்தில் முடிந்தன. நாலு சரணம். ஒரு இடத்தில்கூட முட்டவில்லை. இரண்டு வருஷம் அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு சோம்பேறித்தனம் பண்ணினவன் நான். அது இதற்கும் இடம் கொடுக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கை வேலையாக இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை, மூக்கில் வழிய விட்டுக்கொண்டே வாசித்தேன்.

மூன்றாவது சரணத்தில் மாப்பிள்ளை தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். நாலாவதில் அவர் உதடும் அசைந்தது. எந்த வார்த்தைகளைப் பாடினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதில்லை. பாட்டு முடிந்தது. போதகர் ஜெபம் பண்ணினார், தாலி கட்டினார்கள், சின்னப் பிள்ளைகள் காகிதப் பூவை எல்லார் வாயிலும் எறிந்தார்கள்.

பிரியாணிப் பந்தியில் அக்கா எனக்கு நேரே உட்கார்ந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காதது நியாயம்தான். கை கழுவப் போன இடத்தில் அத்தை தனியாக நின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க ஒரு பெரிய வாக்கியத்தை மனசுக்குள் தயார்செய்து வைத்திருந்தேன். நாளைக்கே பல்லாவரம் போகிறேன், இந்த அளவுக்கு இன்னும் நாலு ராகமாவது கற்றுக்கொள்கிறேன் என்பதெல்லாம் அதில் உண்டு. பாதி சொல்வதற்குள் அவர் ஈரக் கையை என் தோளில் வைத்தார்.

"படி, படி. வேண்டாம்னு சொல்லல" என்றார். "ஆனா இன்னைக்கு ஒனக்கு ரெண்டாவது ஒண்ணு தெரிஞ்சிருந்தா, எம் மவன் கல்யாணத்துக்கு அவுக வந்திருக்க மாட்டாகய்யா."